ஆட்ட முடிவு அன்றிரவே முடியும். மரணச் செய்தி முடியாது

2025 செப்டெம்பர் 19ஆம் திகதி அசாம் மக்களின் பெரும் பாடகர் சுபீன் கார்க் சிங்கப்பூரில், லாசரஸ் தீவை அண்டிய கடலில் உயிரிழந்தார். அவருக்கு வயது 52. வடகிழக்கு இந்திய விழாவில் பாடுவதற்காக அங்கு போயிருந்தார். அதே இரவு அபுதாபியில் ஆசியக் கிண்ணப் போட்டியில் இந்தியா ஓமானை 21 ஓட்டங்களால் வென்றது. இந்தியா 188, ஓமான் 167 என்று அன்று வந்த செய்தியில் இன்றுவரை ஓர் எழுத்தையும் மாற்றவேண்டி வரவில்லை. சுபீனின் மரணச் செய்தியோ மறுநாளே மாறத் தொடங்கியது. 'ஸ்கூபா' முக்குளிப்பின்போது விபத்து என்பதே முதலில் பரவியது. சிங்கப்பூர் வழங்கிய மரணச் சான்றிதழ் நீரில் மூழ்கியதால் இறந்தார் என்றது. முக்குளித்தபோது அல்ல, நீந்தியபோதே அது நடந்ததென்று தெரியவந்தது. குவாஹாட்டியில் இரண்டாவது பிரேத பரிசோதனை நடந்தது, கைதுகள் தொடர்ந்தன, விசாரணை மாதக்கணக்கில் நீண்டது.

ஆட்ட முடிவை எழுதும் வேகத்தில் ஒரு மரணத்தை எழுதக்கூடாது என்பதே நாம் இதிலிருந்து கற்கவேண்டியது. ஆட்டத்துக்கு நடுவர் உண்டு, புள்ளி பதிபவர் உண்டு, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட விதி உண்டு. கடைசிப் பந்தோடு கணக்கு முடிகிறது. மரணத்துக்கு அப்படியொரு கடைசிப் பந்து கிடையாது. 1980 டிசம்பர் 8ஆம் திகதி இரவு, மயாமி டொல்பின்ஸ், நியூ இங்கிலண்ட் பேட்ரியட்ஸ் அணிகள் மோதிய அமெரிக்க உதைபந்தாட்டத்தில், வழமையான நேரத்தின் கடைசி விநாடிகளில், 'பீட்டில்ஸ்' ஜோன் லெனன் நியூயோர்க்கில் சுடப்பட்டு இறந்த செய்தியை வர்ணனையாளர் ஹவார்ட் கோசல் நேரலையில் அறிவித்தார். இது வெறும் விளையாட்டுத்தான் என்று நினைவூட்டிவிட்டே அவர் அதைச் சொன்னார். அவ்வளவு நிதானமாகச் சொன்ன சில வாக்கியங்களிலும் ஒரு பிழை இருந்தது: முதுகில் இரண்டு குண்டுகள் என்றார், உண்மையில் லெனன் மீது பாய்ந்தவை நான்கு. மேலதிக நேரத்தில் மயாமி 16–13 என வென்ற கணக்கு மட்டும் பிழையின்றி நிற்கிறது.

மரணத்தை எப்படி அறிவிப்பது என்பது நமக்குத் தெரியாத வித்தை அல்ல. நெல்லியடிச் சந்தியில் காலையில் வாங்கும் எந்தப் பத்திரிகையிலும் மரண அறிவித்தல் பக்கத்தைப் பாருங்கள். பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், அன்னார் யாருடைய அன்பு மகன், யாருடைய பாசமிகு சகோதரன், இறுதிக்கிரியை எத்தனை மணிக்கு, தகனம் எந்த மயானத்தில், கடைசி வரியில் 'தகவல்: குடும்பத்தினர்'. சொல்வது யார் என்பது அதில் எப்போதும் இருக்கும். ஊகம் ஒருபோதும் இருக்காது. சில பக்கங்கள் தள்ளி, வதிரி டயமன்ட்ஸோ நவிண்டில் கலைமதியோ வென்ற உதைபந்தாட்டச் செய்தியில், கோல் அடித்தவர் பெயரும் எத்தனையாவது நிமிடம் என்பதும் இருக்கும். அதுவும் சரியே. இரண்டுக்கும் நடுவிலுள்ள செய்திப் பக்கத்தில்தான் கோளாறு. அங்கே ஓர் இளைஞரின் மரணம் 'தவறான முடிவெடுத்து' என்று தொடங்கி, முறையையும் இடத்தையும் சொல்லி, பரீட்சைப் பெறுபேறு, காதல் தோல்வி, கடன் என்று ஒற்றைக் காரணத்தோடு அன்றைக்கே முடிந்துவிடுகிறது.

இந்தப் பழக்கம் உயிரோடிருப்பவர்களையும் பாதிக்கும். 2017 ஜூலை 20ஆம் திகதி டேர்பியில் ஹர்மன்பிரீத் கவுர் 115 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 171 ஓட்டங்கள் குவித்து, இந்தியாவை மகளிர் உலகக் கிண்ண இறுதிக்குக் கொண்டுசென்றார். அதே நாளில் 'லிங்கின் பார்க்' பாடகர் செஸ்டர் பெனிங்டன் 41 வயதில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். துடுப்பாட்டச் செய்தியில் எத்தனை விவரம் சேர்த்தாலும் யாருக்கும் தீங்கில்லை. உயிர்மாய்ப்பைப் பற்றிய செய்தியில் முறையை விவரிப்பது, ஏற்கெனவே தளர்ந்திருக்கும் இன்னொருவரைப் பின்தொடரத் தூண்டக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் நெடுங்காலமாக எச்சரித்துவருகிறது. பொறுப்போடு எழுதினால் என்னவாகும் என்பதற்கும் சான்று உண்டு. 1994 ஏப்ரலில் 'நிர்வாணா' பாடகர் கேர்ட் கோபேன் தன் உயிரை மாய்த்துக்கொண்டபின், அவர் வாழ்ந்த சியாட்டில் பகுதியை ஆராய்ந்தவர்கள், அங்கு உயிர்மாய்ப்புகள் கூடவில்லை, உதவி கேட்டு வந்த தொலைபேசி அழைப்புகளே கூடின என்று கண்டார்கள். அவரது கலையைப் போற்றி, மரணத்தைப் போற்றாமல், உதவிக்கு வழிகாட்டிய செய்திகளுக்கும் அதில் பங்குண்டு என்பது அவர்களது கணிப்பு. 1995இல் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 உயிர்மாய்ப்புகள் என்ற நிலையில் இருந்த நாடு இலங்கை. கொடிய பூச்சிகொல்லிகளைத் தடைசெய்தபின் அந்த வீதம் பெருமளவு இறங்கியது. வழிமுறையை எட்டாத இடத்தில் வைப்பது உயிர்காக்கும் என்று கண்ட நாட்டில், அதைச் செய்தியாக வீட்டுக்கு வீடு கொண்டுபோய்க் கொடுப்பது முறையா?

"முகநூலில் எல்லாம் வந்துவிடுகிறது, பத்திரிகை மட்டும் பொறுத்திருந்து என்ன பயன்?" என்று கேட்பார்கள். முகநூலில் வந்தது மெய்யா என்று பார்க்கத்தானே மறுநாள் பத்திரிகையைப் புரட்டுகிறோம்? அந்த நம்பிக்கையைத் தவிரப் பத்திரிகையிடம் விற்க வேறென்ன இருக்கிறது? இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: மரணங்கள் மறைக்கப்பட்ட மண் இது, காணாமற்போனோரின் உறவுகள் இன்றும் பதில் கேட்டு நிற்கிறார்கள், இங்கே நிதானம் என்பது மௌனத்துக்கு மறுபெயராகிவிடாதா? நியாயமான அச்சம். ஆனால் அந்த உறவுகளைக் கைவிட்டது முதல்நாள் நிதானம் அல்ல, அதன்பின் வந்த மறதி. சுபீனுக்கு நீதி கேட்ட அசாம் மக்கள் முதல்நாள் வதந்தியோடு நின்றுவிடவில்லை. விசாரணையைத் தொடர்ந்து கேட்டார்கள். கேள்வி கேட்பதும் தீர்ப்பு எழுதுவதும் வேறு வேறு.

துயரநாளில் ஆட்ட முடிவைப் போடுவதே அவமரியாதை என்பாரும் உண்டு. 2025 செப்டெம்பர் 30ஆம் திகதி குவாஹாட்டியில் மகளிர் உலகக் கிண்ணம் சுபீனுக்கு அஞ்சலியோடு தொடங்கியது. இந்தியா இலங்கையை 59 ஓட்டங்களால் வென்றது. அவரை இழந்து தவித்த நகரமே இரண்டுக்கும் இடம் கொடுத்தது. ஆகவே ஆட்ட முடிவு முழுமையாக வரட்டும். மரணச் செய்தியில் பெயர், வயது, வாழ்வு, உறுதிப்படுத்தியவர் யார், இன்னும் விசாரணையில் இருப்பது எது என்பவை வரட்டும். உயிர்மாய்ப்பென்றால் முறையை விட்டு, தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐப் போடுங்கள். திருத்தம் வந்தால் முதற்செய்தி வந்த பக்கத்திலேயே, அதே அளவில் இடுங்கள். விசாரணை முடியும்வரை அந்தச் செய்தியைக் கைவிடாதீர்கள். இறந்தவருக்கும் வாசகருக்கும் பத்திரிகை கொடுக்கவேண்டிய குறைந்தபட்ச மரியாதை இது.