ஞாயிற்றின் மேல் பழியா?

உலகம் சூடேறுதற்கு ஞாயிறே பொறுப்பென்று உரைத்துத் திரிவார் இன்றும் உளர். நிலக்கரியும் கல்நெய்யும் விற்றுக் கொழுப்பார்க்கு இதனினும் இனிக்கும் சொல் வேறுண்டோ?

ஞாயிறு தரும் வெப்பம் வரவு. நிலவுலகு விண்ணுக்குத் திருப்பி விடும் வெப்பம் செலவு. இரண்டும் ஒத்திருக்கும் வரை சூடு மிகாது. செலவைத் தடுப்பது கரிவளி. அது வெப்பத்தைப் பற்றிக் கொள்ளும் என்பதைத் தைண்டல் 1859-ஆம் ஆண்டிலேயே ஆய்ந்து காட்டினார். அவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958-இல் பத்து நூறாயிரம் பங்கு காற்றில் ஏறத்தாழ 315 பங்காக இருந்த கரிவளி, இன்று 420-ஐக் கடந்துவிட்டது.

வரவு கூடிற்றா? 1978 முதல் செயற்கைக்கோள்கள் ஞாயிற்றின் ஒளியாற்றலை அளந்து வருகின்றன. ஏறத்தாழப் பதினோராண்டுக்கொரு முறை நேரும் சிறு ஏற்ற இறக்கமேயன்றித் தொடர் வளர்ச்சி ஏதும் காணப்படவில்லை. மேலும், ஞாயிறே சுடுமாயின் காற்றின் கீழடுக்கோடு மேலடுக்கும் சூடேறியிருத்தல் வேண்டும். மேலடுக்கோ குளிர்ந்து வருகின்றது! கீழே தேங்கிய வெப்பத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 90 பங்கு கடலுள் புகுந்துவிட்டது.

செலவின் வழியை அடைத்தவன் மாந்தன். அவனே வரவின்மேல் பழி சுமத்துவது கயமை. கரியை எரிப்பது ஒழியாமல் இக்கணக்கு நேராகாது. கரி விற்போர் ஞாயிற்றைச் சுட்டும் விரலைத் தம் பக்கம் திருப்பட்டும்!