கட்டளைவரியும் கனிந்த சொல்லும்

கொடைரோடு ரயில் நிலையத்தில் இறங்கி, கொடைக்கானல் பஸ் எங்கே நிற்குமென்று வினவுகிற வெளியூர்க்காரரை, பலகையைப் படிக்கத் தெரியாதா என்று எவரும் அதட்டுவதில்லை. திராட்சைக் கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கைகாட்டுகிற வியாபாரிகளையே அங்கு காண்கிறோம். அந்தச் சாதாரண தாட்சண்யம், கணினியில் கட்டளைகளை எழுத்தாகத் தட்டி வேலைவாங்கும் கட்டளைவரி பழகப் புகும் இளையோருக்கு, அதே வித்தையில் தேர்ந்தவர்களிடம் பல சமயம் கிடைக்காமற்போவது எனக்கு மிகுந்த விசனத்தைத் தருகிறது.

2011-இல் தமிழக அரசு ப்ளஸ் டூ மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில், விண்டோஸோடு சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸ் இயங்குதளமும் இடம்பெற்றிருந்தது. அவ்வகையில் நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை பறித்துப் பிழைக்கும் குடும்பங்களுக்குள்ளும் லினக்ஸ் வந்து சேர்ந்தது. சந்தேகம் தீர்த்துவைக்கும் ஆசான் மட்டும் உடன் வரவில்லை. 'சூடோ' என்று தொடங்கும் கட்டளையை ஒரு மாணவி தட்டுகிறாள். திரை கடவுச்சொல் கேட்கிறது. அவள் அடிக்க அடிக்க ஓர் எழுத்தோ நட்சத்திரக்குறியோ தோன்றவில்லை. கீபோர்டு பழுதாகிவிட்டதென்று அவள் கலங்குவது இயல்பே. "பக்கத்திலிருப்பவர் பார்க்காதபடி அப்படி வைத்திருக்கிறார்கள் அம்மா, அடித்துவிட்டு என்டரைத் தட்டு" என்று சொல்ல அரை நிமிஷம் போதும். 'மேனுவலைப் படி' என்று முகத்திலடித்தாற்போல் விரட்டுகிறவர்கள், 1971-இல் லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸின் முதற் கையேடு பெல் ஆய்வுக்கூடத்து நிபுணர்களுக்காக எழுதப்பட்டதென்பதையும், அந்த மரபில் வந்த ஆங்கிலக் கையேடு தமிழ்வழியில் பயின்ற பெண்ணுக்கு எளிதில் திறவாதென்பதையும் எண்ணிப்பார்ப்பதில்லை.

இதனினும் கொடிது, கோப்புகளை அழிக்கும் 'ஆர்எம்' கட்டளையை வேடிக்கைக்காக அம்மாணவியிடம் தட்டச் சொல்வது. கணினி முழுவதையும் அழிக்க முற்பட்டால் அக்கட்டளை மறுக்கும்படி 2006-இல் லினக்ஸில் பயன்படும் க்னூ கருவிகளில் காப்பு ஏற்படுத்தப்பட்டது உண்மையே. ஆயினும் அவளுடைய சொந்தக் கோப்புகளை அழிப்பதை அக்காப்பு தடுக்காது, அழிந்தவை குப்பைக்கூடைக்கும் போவதில்லை. ஆகவே, கட்டளை எதை மாற்றும், எதை அழிக்கும் என்பதை முதலில் விளக்கி, அதன்பின் கட்டளையைக் கொடுப்பதே விடைசொல்பவரின் கடமை.

கடுமை இருந்தால்தான் தரம் நிலைக்குமென்று வாதிப்போர் உண்டு. ஆனால் லினக்ஸை உருவாக்கியவரும் கடுஞ்சொல்லுக்குப் பேர்போனவருமான லினஸ் டோர்வால்ட்ஸே 2018 செப்டம்பரில் தம் நடத்தைக்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கோரிச் சில வாரம் ஒதுங்கியிருந்தார்; அவர் திரும்பிய பின்னரும் லினக்ஸின் தரம் குன்றவில்லை.

நம்மிடையே நல்ல முன்மாதிரிகள் இல்லாமலில்லை. 2012-இல் தோன்றிய 'கணியம்' இதழ் இவ்விஷயங்களைத் தமிழிலேயே விளக்கிவருகிறது; விழுப்புரத்தில் ஒரு லினக்ஸ் பயனர் குழு கிராமத்து மாணவர்களுக்கு நேரில் கற்பிக்கிறது. திண்டுக்கல் கல்லூரிகளில் கணினி பயிலும் மூத்த மாணவர்கள் வாரத்தில் ஒரு மாலைப்பொழுது நிலக்கோட்டையிலோ கொடைரோட்டிலோ வந்தமர்ந்து, கீபோர்டைத் தாம் பிடுங்கிக்கொள்ளாமல், புதியவரே தட்டித் தவறி மறுபடி தட்டுமளவும் பொறுமையோடு உடனிருக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.