கனவைக் கேட்காத கடிகாரம்

கைக்கடிகாரச் செயலி வரைந்து தரும் உறக்க வரைபடத்தைக் கனவு நினைவுகூரலுக்குச் சான்றாக முன்வைக்கும் போக்கு உளவியல் மாணவர்களிடையே பரவி வருகிறது. ரெம் எனப்படும் விரைவு விழியசைவு உறக்கம் இத்தனை நிமிடம், காலையில் நினைவில் நின்ற கனவு இத்தனை என இரு நிரல்கள். இடையே ஓர் ஒட்டுறவுக் கெழு. அடியில் வழிகாட்டியின் கையொப்பம். இம்முறைக்கு அறிவியலின் தோற்றம் உண்டு, அடித்தளம் இல்லை.

ரெம் உறக்கத்தை உறுதிசெய்ய ஆய்வகம் மூன்றைப் பதிவுசெய்கிறது: மூளையின் மின்அலை, விழிகளின் அசைவு, மோவாய்த் தசையின் இறுக்கம். இவற்றுள் ஒன்றையும் மணிக்கட்டில் அளக்க இயலாது. கடிகாரம் உடலசைவையும் நாடித்துடிப்பையும் கொண்டு உறக்கநிலையை ஊகிக்கிறது. படுத்த நேரத்தையும் எழுந்த நேரத்தையும் அது ஓரளவு சரியாகக் கூறலாம். உறக்கநிலைகளைப் பற்றி அது தருவது மதிப்பீடு, அளவீடு அன்று.

கடிகாரத்திற்கு ஆதரவாக டிமென்ட், கிளைட்மன் இருவரும் 1957-இல் வெளியிட்ட ஆய்வைச் சிலர் எடுத்துக்காட்டுகின்றனர். அதில் ரெம் உறக்கத்திலிருந்து 191 முறை எழுப்பியபோது 152 முறை கனவு விவரிக்கப்பட்டது. பிற நிலைகளிலிருந்து 160 முறை எழுப்பியபோது 11 முறை மட்டுமே. அந்த எண்கள், உறங்குபவரை அந்தக் கணமே எழுப்பி வினவியதால் கிடைத்தவை. விடியும்வரை உறங்கவிட்டுப் பின் கேட்பது முற்றிலும் வேறொரு சோதனை. மேலும், 1962-இல் டேவிட் ஃபோக்ஸ் ‘கனவு கண்டீர்களா’ என்னும் வினாவை விடுத்து, ‘மனத்தில் என்ன ஓடிக்கொண்டிருந்தது’ எனக் கேட்டபோது, பிற நிலைகளிலிருந்தும் ஏராளமான விவரிப்புகள் வந்தன. வினாவின் சொற்கள் மாறினால் விடையும் மாறும் துறை இது. வினவவே தெரியாத கருவி இங்கு எவ்வாறு சாட்சியாகும்?

பிரான்சின் லியோன் நகரில் பெரின் ரூபி குழுவினர் கண்டறிந்தது இன்னும் கூர்மையானது. கனவை அடிக்கடி நினைவுகூர்வோர் இரவில் ஏறத்தாழ 30 நிமிடம் விழித்திருந்தனர். அரிதாக நினைவுகூர்வோர் அதில் பாதியளவே. இது தொடர்பு மட்டுமே, காரணம் என நிறுவப்படவில்லை. ஆயினும் நினைவுகூரலை ஆராய்பவர் முதலில் தேட வேண்டியது அந்தச் சிறு விழிப்புகளையே. அசையாமல் விழித்துக் கிடப்பவரைக் கடிகாரம் பெரும்பாலும் உறங்குபவராகவே எண்ணுகிறது. விழிப்பைக் கண்டுகொண்டாலோ, உறக்க மதிப்பெண்ணைக் குறைக்கிறது. தேடப்படும் பொருளையே மறைக்கும் அல்லது குறையெனத் தள்ளும் கருவியைக் கொண்டு தேடல் நடக்கிறது.

ஆய்வக வசதி எல்லோர்க்கும் எட்டாததால் வீட்டுக் கருவியே ஆய்வைச் சனநாயகப்படுத்துகிறது என்பர். வீட்டிலிருந்தே ஆய்வு செய்வது சரியே. அதற்குக் கடிகாரம் இன்றியமையாதது என்பதுதான் பிழை. 1893-இல் மேரி கால்கின்ஸ் வெளியிட்ட ஆய்வுக்கு அலாரக் கடிகாரம், காகிதம், பென்சில், மெழுகுவர்த்தி ஆகியவையே போதுமானவையாக இருந்தன. அவரும் உடன் ஆய்வாளர் ஒருவரும் 375 கனவுகளைப் பதிவுசெய்தனர். விடுதி அறையை மூவருடன் பகிரும் மாணவருக்கும் இம்முறை இயலும். கண் விழித்ததும் கைப்பேசியைத் தொடாமல் எழுதுவது, நேரம் குறிப்பது, ‘கனவு கண்டேன், மறந்தது’ என்பதையும் ‘எதுவும் இல்லை’ என்பதையும் தனித்தனியே பதிவது. இதற்கு ஒழுக்கம் வேண்டும், பணம் வேண்டியதில்லை.

கடிகாரத்தின் எண்ணைத் தன் அனுபவத்திற்கு மேலாக நம்பப் பழகும் மாணவர், நன்கு உறங்கி எழுந்த நாளிலும் குறைந்த மதிப்பெண் கண்டு கலங்குகிறார். சரியான உறக்க எண்ணைத் துரத்தும் இக்கவலைக்கு 2017-இல் ‘ஆர்த்தோசோம்னியா’ எனப் பெயரே இடப்பட்டது. கருவி வாங்க இயலாதவரோ, கனவாய்வு தமக்குரியதன்று என ஒதுங்குகிறார். இரண்டிற்கும் துறைகளே பொறுப்பு. அடுத்த ஆய்வேட்டில் வண்ண வரைபடத்தைக் காணும் வழிகாட்டி, கையொப்பமிடும் முன் கேட்க வேண்டியது ஒன்றே: விழித்தவுடன் எழுதிய குறிப்பேடு எங்கே?