எடைக்கல்லும் வாட் கணக்கும்

மலிவு விலை பவர் மீட்டர் ஒன்றை வாங்கிக்கொண்டு மாணவர் வந்து நின்றால், நம்மில் பலரும் முதலில் பார்ப்பது அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் ‘±1%’ என்ற எண்ணைத்தான். எந்த வெப்பநிலையில், எந்த கேடன்ஸில் (நிமிடத்துக்கு எத்தனை மிதிச்சுற்று), எவ்வளவு விசையில் அந்த ஒரு விழுக்காடு என்று பெட்டி சொல்வதில்லை. ஆலையில் ஒவ்வொரு மீட்டரையும் சோதித்துப் போட்ட எண்ணா, நூறில் ஒன்றை எடுத்துப் பார்த்துப் போட்டதா, அதுவும் தெரியாது. ஆகவே அந்த எண்ணை நம்பலாமா என்ற விவாதத்தால் பயனில்லை. திருவண்ணாமலையிலும் சுற்றுவட்டாரத்திலும் பயிற்சி பெறுகிறவர்கள் மலிவு மீட்டர் வாங்கலாம், வாங்கத்தான் வேண்டும் என்பது இந்த இதழின் கருத்து. ஆனால் அதைச் சோதிக்கும் வேலையை வாங்கியவரோ அவருடைய பயிற்சியாளரோ மெக்கானிக்கோ செய்தாக வேண்டும். நிறுவனம் நமக்காக அதைச் செய்து தந்துவிட்டது என்று எண்ணிக்கொள்ளக் கூடாது.

1986இல் ஜெர்மனியில் உல்ரிக் ஷோபெரர் எஸ்.ஆர்.எம். மீட்டரை உருவாக்கிய காலத்திலிருந்து வெகு நாட்கள் பவர் மீட்டர் தொழில்முறை அணிகளின் கருவியாகவே இருந்தது. 2012இல் ஸ்டேஜஸ் நிறுவனம் இடப்பக்கக் கிராங்கை மட்டும் அளந்து இரண்டால் பெருக்கும் மீட்டரை 699 டாலருக்குக் கொண்டுவந்தது. பிறகு ஃபோர்ஐ 399 டாலர் என்றது. மஜீன், சிகெயி, எக்ஸ்கேடி முதலிய சீன நிறுவனங்கள் வந்த பின் ஒருபக்க மீட்டர் 200, 300 டாலருக்குள் கிடைக்கிறது. நம் மாணவர்களுக்கு இப்போதும் அது ஒரு நல்ல சைக்கிளின் விலைதான். உள்ளே இருப்பது என்னவோ எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: உலோகம் வளையும்போது மின்தடை மாறும் ஸ்ட்ரெயின் கேஜ், அதைப் படிக்கும் வீட்ஸ்டன் பாலம், முறுக்குவிசையைச் சுழல் வேகத்தால் பெருக்கும் சிறு கணினி. அந்த கேஜை எவ்வளவு கவனமாக ஒட்டினார்கள், வெப்பத்துக்கு எப்படி ஈடு செய்தார்கள், ஒவ்வொரு மீட்டரையும் தனித்தனியாக எடை தொங்கவிட்டு அளவுதிருத்தம் செய்தார்களா என்பதில்தான் விலை வேறுபடுகிறது.

அப்படியானால் விலை கூடியது துல்லியமாகத்தானே இருக்கும்? சுவிட்சர்லாந்தின் தாமஸ் மயர் குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வை நம் துறையினர் ஒருமுறையாவது படிக்க வேண்டும். 9 நிறுவனங்களின் 54 மீட்டர்களை, சைக்கிள் வீரர்கள் அன்றாடம் பயன்படுத்திக்கொண்டிருந்தவற்றையே வாங்கி, டிரெட்மில்லில் ஓட்டவைத்து, இயற்பியல் கணக்கோடு ஒப்பிட்டார்கள். சராசரி விலகல் −0.9 விழுக்காடு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மீட்டருக்கு மீட்டர் பரவல் 3.2 விழுக்காடு, 6 மீட்டர்கள் 5 விழுக்காட்டுக்கு மேல் விலகின. அதே மீட்டர் தன்னோடு தான் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்த்தபோது மாறுபாடு 1.2 விழுக்காடுதான்.  தன்னோடு ஒத்துப்போகும் திறன் பொதுவாக நன்றாகவே இருந்தது, ஆனால் அது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபட்டது.

பயிற்சியாளருக்கு இதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. மீட்டர் எப்போதும் 4 விழுக்காடு கூட்டியே காட்டினால் பெரிய பாதகம் இல்லை. எஃப்.டி.பி.யை (சுமார் ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய அதிகபட்ச வாட்) அதே மீட்டரில்தான் அளக்கிறோம், பயிற்சி மண்டலங்களையும் அதிலிருந்துதான் பிரிக்கிறோம். தவறு இரண்டு பக்கமும் ஒன்றாகவே ஏறும். கார்த்திகையில் கூட்டிக் காட்டிய மீட்டர் சித்திரையில் குறைத்துக் காட்டுவதுதான் ஆபத்து. ஓரளவு தேறிய வீரர் ஒரு பருவத்தில் சில விழுக்காடுதான் முன்னேறுவார். 3 விழுக்காடு நகரும் மீட்டர் அந்த முன்னேற்றத்தை விழுங்கிவிடும், அல்லது இல்லாத முன்னேற்றத்தைக் காட்டி இருவரையும் மகிழ்விக்கும்.

தவறு இரண்டு வகை. ஒன்று பூஜ்யத்தில் வரும் தவறு, மற்றொன்று பெருக்கத்தில் வரும் தவறு. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் நம் கடைகளில் பாதி வாக்குவாதம். பூஜ்யம் 1 நியூட்டன் மீட்டர் தவறினால், 90 கேடன்ஸில் 9.4 வாட் தவறும். இடப்பக்கத்தை மட்டும் அளந்து இரட்டிக்கும் மீட்டராக இருந்தால் 19 வாட். 200 வாட்டில் ஓட்டுகிறவருக்கு அது ஒன்பது விழுக்காட்டுக்கும் மேல். பெட்டியில் இருந்த ஒரு விழுக்காடு எங்கே போயிற்று? மீட்டரைக் குறை சொல்ல வேண்டாம். புறப்படும் முன் ஜீரோ ஆஃப்செட் (விசை இல்லாத நிலையைப் பூஜ்யமாகப் பதிவது) செய்யவில்லை, அவ்வளவுதான்.

நம் ஊரில் இது கூடுதலாக உறைக்கும். வீட்டுக்குள்ளோ ஏ.சி. அறையிலோ நின்ற சைக்கிளை எடுத்தவுடன் ஜீரோ செய்துவிட்டு அக்னி நட்சத்திர வெயிலில் இறங்கினால், கிராங்க் சூடாகி விரிய விரிய பூஜ்யம் நகரும். வெப்ப ஈடு சரியாகச் செய்யப்பட்ட மீட்டரில் இது சிறிதாக இருக்கும். மலிவு மீட்டர்களில் சில இங்கேதான் சறுக்குகின்றன. கார் கூரையில் வெயிலில் வந்த சைக்கிளுக்கும் இதே கதி. சைக்கிளை வெளியே நிழலில் கால் மணி நேரம் விட்டு, பிறகு ஜீரோ செய்யுங்கள். அரை மணி ஓட்டிய பின் நின்று இன்னொரு முறை செய்யுங்கள். இரண்டு ஆஃப்செட் எண்களையும் குறித்து வைத்தால், ஒரு மாதத்தில் அந்த மீட்டரின் குணம் தெரிந்துவிடும்.

இந்த வெயிலையே காரணம் காட்டி, பவர் மீட்டர் வேண்டாம், இதயத் துடிப்பை அளக்கும் நெஞ்சுப் பட்டை போதும் என்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது தலைகீழாகத் தெரிகிறது. சூடு ஏறும்போது ரத்தம் தோலுக்குத் திரும்புகிறது, வியர்வையில் நீர் போகிறது, அதே வாட்டுக்கு இதயத் துடிப்பு ஏறிக்கொண்டே இருக்கிறது. காலை ஐந்தரைக்கும் ஒன்பதரைக்கும் ஒரே துடிப்பு ஒரே உழைப்பைக் குறிப்பதில்லை. குளிர்நாட்டுப் பயிற்சியாளர் இதயத் துடிப்பை வைத்து ஓரளவு சமாளிக்கலாம். சூடான ஊரில், 3 விழுக்காடு தவறும் மீட்டர்கூட மே மாதத்துத் துடிப்பை விட நேர்மையான சாட்சி. துடிப்பையும் பாருங்கள்; இரண்டுக்கும் இடையே விரியும் இடைவெளிதான் வெப்பத்தின் கணக்கு.

இனி பெருக்கத் தவறு. இதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை, எடைக்கல் போதும். ஆரணி, போளூர் பக்கத்து அரிசி மண்டிகளில் மின்னணுத் தராசு வந்த பிறகு மூலையில் ஒதுங்கிய 20 கிலோ, 5 கிலோ இரும்புக் கற்களைப் பார்த்திருப்பீர்கள். முத்திரை புதுப்பித்த கல்லாக இருந்தால் நம் தேவைக்குப் போதுமானது. முத்திரை பழையதென்றால் நல்ல தராசில் ஒருமுறை நிறுத்துக்கொள்ளுங்கள். பின்சக்கரத்தை அசையாமல் பிடித்து, 170 மி.மீ. கிராங்கைத் தரைக்கு இணையாக முன்பக்கம் நிறுத்தி, பெடல் அச்சில் 20 கிலோவைத் தொங்கவிட்டால் முறுக்குவிசை 33.3 நியூட்டன் மீட்டர் இருக்க வேண்டும். கயிற்றின் எடையையும் சேருங்கள். கிராங்க் கிடைமட்டமாக இருப்பதை ரசமட்டம் வைத்துப் பாருங்கள், கண்மதிப்பு போதாது. இடப்பக்க மீட்டர்களில் சில, எண்ணை இரட்டித்துக் காட்டக்கூடும், 66.6 வந்தால் பதற வேண்டாம்.

மீட்டர் 34.3 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த வகைத் தவறு? 5 கிலோவைத் தொங்கவிடுங்கள். 8.3 வர வேண்டிய இடத்தில் 9.3 வந்தால் பூஜ்யம் தவறியிருக்கிறது. 8.6 வந்தால் பூஜ்யம் சரி, பெருக்கம் 3 விழுக்காடு கூடுதல். முதலாவதை ஒரு பொத்தானில் சரிசெய்யலாம். இரண்டாவதைச் சரிசெய்ய, மீட்டரின் ஆப் அந்தப் பெருக்கு எண்ணை மாற்ற இடம் தர வேண்டும். தராவிட்டாலும் குறித்து வைத்துக்கொண்டு கணக்கில் கழிக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கிராங்கைக் கழற்றி மாட்டிய ஒவ்வொரு முறையும், சைக்கிள் கீழே விழுந்த பிறகும் இதைச் செய்ய வேண்டும். மெக்கானிக்குகள் இதை ஒரு சேவையாகவே கட்டணம் வைத்துச் செய்யலாம் என்பது என் யோசனை.

கல் நிலையான விசையை மட்டும்தான் சோதிக்கும். கேடன்ஸ் சரியா என்று அது சொல்லாது. காந்தம் இல்லாமல் முடுக்கமானியால் சுழற்சியை எண்ணும் மீட்டர்கள் கரடுமுரடான சாலையில் சில நேரம் தடுமாறும். முட்டை வடிவச் செயின்ரிங் போட்டவர்களுக்கு, ஒரு சுற்றில் வேகம் மாறாது என்று எடுத்துக்கொள்ளும் மீட்டர் சில விழுக்காடு கூட்டிக் காட்டும். ஆகவே ஓட்டத்திலும் ஒரு சோதனை வேண்டும். அதற்கு மலை இருக்கிறது.

திருவண்ணாமலை மாவட்டத்திலேயே போளூரிலிருந்து ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூருக்கு ஏறும் பாதை இருக்கிறது. அதில் சீராக ஏறும் ஒரு துண்டைத் தேர்ந்தெடுங்கள். கணக்குக்காக 6 கி.மீ.யில் 300 மீட்டர் ஏற்றம், ஓட்டுகிறவரும் சைக்கிளும் தண்ணீரும் சேர்ந்து 75 கிலோ, ஏறிய நேரம் 24 நிமிடம் என்று கொள்வோம். புவியீர்ப்பை எதிர்த்து மட்டும் 153 வாட். டயர் உராய்வு 18, காற்று 15 என்று மதிப்பிடலாம். செயினில் இழப்பது சுமார் 6. மொத்தம் 192 வாட். டயரும் காற்றும் சேர்ந்த 33 வாட்டை நீங்கள் ஐந்தில் ஒரு பங்கு தவறாக மதிப்பிட்டாலும், மொத்தத்தில் தவறு 4 விழுக்காட்டுக்குள்தான். ஏற்றம் செங்குத்தானால் இன்னும் குறையும். மயர் குழுவினர் டிரெட்மில்லில் செய்த கணக்கும் அடிப்படையில் இதுதான். உயரத்தை மட்டும் கைக்கணினியின் ஜி.பி.எஸ்.ஸிடம் கேட்காதீர்கள். சர்வே ஆஃப் இந்தியா வரைபடத்தில் சமஉயரக் கோடுகள் சாலையை வெட்டும் இரண்டு இடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் சில மீட்டர் பிசகலாம்; போகட்டும், அந்தப் பிசகு எல்லா நாளும் ஒன்றே. காற்றில்லாத காலையில், அதே டயர் அழுத்தத்தில், பருவத் தொடக்கத்திலும் முடிவிலும் ஏறிப் பாருங்கள். கணக்கிட்ட வாட்டுக்கும் மீட்டர் வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு முறையும் ஒன்றாக இருந்தால் அந்த மீட்டரை வைத்துக்கொள்ளலாம்.

கிரிவலப் பாதையைச் சோதனைக்களமாக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 14 கி.மீ., புறப்பட்ட உயரத்துக்கே திரும்பும் வட்டம். ராபர்ட் சங்கின் முறைப்படி காற்றுத்தடையைக் கணக்கிட ஏட்டளவில் அருமையான பாதை. நடைமுறையில் அந்த முறைக்குப் பிரேக் ஆகாது. கிரிவலப் பாதையில் பிரேக் பிடிக்காமல் போக நினைக்கிறவரிடம் சைக்கிளைக் கொடுக்கக் கூடாது. விடியற்காலையிலும் வெறுங்காலோடு நடப்பவர்கள் இருக்கிறார்கள், பௌர்ணமியன்று சொல்லவே வேண்டாம். சமதளத்தில் உழைப்பின் பெரும்பகுதி காற்றோடுதான் என்பதால் மீட்டரைச் சோதிக்கவும் அது ஏற்ற இடமல்ல. இளைப்பாறும் நாளில் மெதுவாக ஒரு சுற்று வரலாம்.

ஒருபக்க மீட்டரைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. இடக்கால் 48, வலக்கால் 52 என்று உழைக்கிறவர் 250 வாட்டில் ஓட்டினால் மீட்டர் 240 காட்டும். அந்தப் பங்கீடு மாறாதவரை இதுவும் பொறுக்கத்தக்க தவறுதான். ஆனால் களைப்பில் மாறும், வேகம் கூடினால் மாறும், முழங்கால் வலியிலிருந்து மீண்டு வருகிறவருக்கு வாரந்தோறும் மாறும். காயத்திலிருந்து திரும்பும் மாணவரை ஒருபக்க மீட்டரை வைத்து வழிநடத்துவது தவறு என்றே சொல்வேன். கூடுதலாகச் செலவிட முடிந்தால் இரு காலையும் சேர்த்து அளக்கும் ஸ்பைடர் வகையை வாங்குங்கள். பளபளப்பான கைக்கணினியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வாங்கும்போது கடைக்காரரிடம் கேட்க வேண்டியது இரண்டுதான். ஆப்பில் முறுக்குவிசையை நேரடியாகப் பார்க்க முடியுமா? முடியாதென்றால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். சோதிக்க வழியில்லாத அளவுகோல் அது. அடுத்து, மழையில் பேட்டரி மூடி கசிந்தால் யார் பொறுப்பு? வெளிநாட்டுக்குத் திருப்பி அனுப்பும் செலவு சில நேரம் மீட்டர் விலையில் பாதியைத் தொடும். பெரிய பெயர் என்பதும் காப்பீடு அல்ல. ஸ்டேஜஸ் நிறுவனமே 2024இல் தொழிலை நிறுத்தியதைப் பார்த்தோம்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருக்க வேண்டும். இரண்டு மாணவர்களை அவரவர் மீட்டர் காட்டிய வாட்டை வைத்து ஒப்பிடக் கூடாது. ஒருவர் கூட்டிக் காட்டும் மீட்டரிலும் இன்னொருவர் குறைத்துக் காட்டும் மீட்டரிலும் ஓட்டினால், பெயர்ப்பட்டியல் மீட்டரின் தரவரிசையாகிவிடும். 2020இல் முதல் மின்விளையாட்டு சைக்கிள் உலகப் போட்டியை நடத்தியபோது சர்வதேச சைக்கிள் கூட்டமைப்பான யூ.சி.ஐ. எல்லாருக்கும் ஒரே மாதிரி டிரெய்னரைக் கொடுத்து ஓட்டவைத்தது. அந்த வசதி நமக்கு இல்லை. மாவட்ட அணித் தேர்வுக்கு ஒரே மலைப்பாதையும் ஒரே கடிகாரமும் எடை பார்க்க ஒரு தராசும் போதும். கிலோவுக்கு எத்தனை வாட் என்று திரைப்பதிவை அனுப்பி இடம் கேட்கும் பழக்கத்தைப் பயிற்சியாளர்கள் ஊக்குவிக்க வேண்டாம்.

அடுத்த இதழிலிருந்து, வாட் எண்களோடு வரும் கட்டுரைகளில் நான்கு விவரங்கள் கேட்கப்படும்: மீட்டரின் வகை, ஒருபக்கமா இருபக்கமா, கடைசியாக எடைக்கல் தொங்கவிட்ட தேதி, அப்போது காட்டிய எண்ணும் காட்டியிருக்க வேண்டிய எண்ணும். மீட்டரின் விலையைக் குறிப்பிட வேண்டியதில்லை.