மாடு போனால் கோழியும் போகும்

நாட்டுக்கோழி என்றோர் இனம் இருப்பதாகவே நம்மில் பெரும்பாலோர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அம்பத்தூரிலிருந்து பூவிருந்தவல்லி வரை ஞாயிற்றுக்கிழமைதோறும் கூட்டம் நெரியும் கறிக்கடைகளின் பலகைகளும் அப்படித்தான் சொல்கின்றன. பிராய்லருக்கு ஒரு விலை. நாட்டுக்கோழிக்கு அதைவிடப் பல மடங்கு கௌரவமான இன்னொரு விலை. பலகையை விட்டுவிட்டுக் கூண்டுக்குள் பார்த்தால், ஒரே வயதும் ஒரே எடையும் கொண்ட பறவைகள் நெருக்கியடித்து நிற்கும். கொட்டகையில் மூட்டைத் தீவனம் தின்று வளர்ந்த கலப்பினங்கள் அவற்றுள் பல. முட்டையின் கதையும் இதுதான். பழுப்பு ஓட்டைக் கண்டதும் கிராமத்து முட்டை என்று மனம் நெகிழ்கிறது. ஓட்டின் நிறம் இனத்தைப் பொறுத்தது. வளர்ந்த இடத்தை அது சொல்லாது. வளர்ந்த இடத்தை ஓரளவு சொல்வது மஞ்சள் கரு. அது பச்சையும் புழுவும் தின்றதா என்பதை உடைத்துத்தான் அறியமுடியும், கடையில் நின்று அறியமுடியாது.

இரத்தத்தை வைத்து நாட்டுத்தன்மையை நிறுவ முயல்வதும் வீண். உலகத்து வீட்டுக்கோழிகளின் மூதாதை தென்கிழக்காசியப் பக்கத்துச் செங்காட்டுக்கோழி. ஆனால் கோழிக்காலின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான மரபணு, தென்னிந்தியக் காடுகளின் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் காட்டினார்கள். ஆகவே நாமக்கல் பண்ணைக் கூண்டில் நிற்கும் வெள்ளை லெக்ஹார்ன், இத்தாலிய வழியினதாகக் கருதப்படும் அந்த அந்நியப் பறவை, நம் மலைக்காட்டின் சொத்தைக் காலில் பூசிக்கொண்டுதான் நிற்கிறது. நாடு எது, அந்நியம் எது?

நாட்டுக்கோழி என்பது ஒரு புழக்கடையின் பெயர் என்பதே எங்கள் எண்ணம். அதிலும் வெறும் புழக்கடையன்று. வேறு பிராணிகள் நடமாடுகிற, கொஞ்சம் அழுக்கான, சாணிக்குவியல் உள்ள புழக்கடை.

திருமுல்லைவாயில் பக்கம் நாங்கள் கோழி வளர்க்கத் தொடங்கிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது ஒன்பது பெட்டைகள், ஒரு சேவல். தெருவிலிருந்து தானே வந்து குடியேறிய ஒரு நாய், இரண்டு பூனைகள். மதிலுக்கு அப்பால் காலிமனை. அதில் பக்கத்து வீட்டு அம்மாள் கட்டியிருந்த மூன்று கறவை மாடுகளும் இரண்டு வெள்ளாடுகளும். மதிலின் மூலையில் சரிந்திருந்த நாலு செங்கல் இடைவெளிதான் இரு உலகங்களையும் இணைத்த கணவாய். காலையில் பஞ்சாரத்தைத் தூக்கியதும் கோழிகள் எங்களை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. நேராக அந்த இடைவெளிக்கு ஓடும். தொட்டியடியில் சிந்திய தவிடும் புண்ணாக்குத் துணுக்கும் முதல் வேளை. பிறகு சாணிக்குவியல். இரவெல்லாம் உள்சூடு கொண்ட அந்தக் குவியலைக் காலால் கிளறிப் புழு பொறுக்குவதில் இரண்டு மணி நேரம் போய்விடும். வெயில் ஏறி மாடுகள் படுத்து அசைபோடும் நேரத்தில் இரண்டு கோழிகள் மட்டும், எப்போதும் அதே இரண்டுதான், மாட்டின் தாடையடியிலும் மடிப்பக்கத்திலும் உண்ணி பொறுக்கும். மாடு கழுத்தை நீட்டிக் கொடுக்கும். மற்றவை அந்த உரிமையைக் கோருவதில்லை. கோழிகளிடையே கொத்துவரிசை என்றொரு படிநிலை உண்டு என்பதை நார்வேக்காரரான ஷெல்டரப் எபே 1921இல் ஆய்வேடாக எழுதினார். மாட்டின் மேலுள்ள உண்ணிக்கும் அந்த வரிசை செல்லுபடியாகும் என்பது மதிலோரத்தில் தெரிந்துகொள்ளக்கூடியது.

குஞ்சுகளுக்குக் கரையான் கொடுப்பது பழைய வழக்கம். பழைய மண்சட்டியில் காய்ந்த சாணியும் ஓலைத்துண்டும் கிழிந்த சாக்கும் திணித்து, நீர் தெளித்து, புற்றோரம் கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலை சட்டி நிறைய வெள்ளைத் திரள். குஞ்சுகளுக்கு இதற்கு நிகரான தீவனம் இல்லை. இதற்கும் மாடு வேண்டும் என்பதைக் கவனிக்கவேண்டும். இணைப்புகள் இப்படி ஒன்றுள் ஒன்றாகச் சென்றுகொண்டே இருக்கின்றன. அடைக்கு உட்கார்ந்த கோழிக்குப் பதினொன்றோ பதின்மூன்றோ, ஒற்றைப்படையில்தான் முட்டை வைப்பார்கள். இருபத்தொரு நாள். அதனடியில் வாத்து முட்டையை வைத்தாலும் இன்னும் ஒரு வாரம் பொறுமையாக உட்கார்ந்து பொரித்துக் கொடுத்துவிடும். வெள்ளை லெக்ஹார்ன் இந்தக் குணத்தை ஏறக்குறைய மறந்துவிட்டது. ஆண்டுக்கு முந்நூறு முட்டை இடவேண்டிய பறவைக்கு மூன்று வாரம் சும்மா உட்கார அனுமதி இல்லை. எனவே அந்தக் குணம் தலைமுறை தலைமுறையாகக் கழித்துக்கட்டப்பட்டது. புழக்கடைக் கோழி பத்துப்பன்னிரண்டு முட்டை இட்டபின் வேலைநிறுத்தம் செய்கிறது. கணக்கெழுதுபவருக்கு அது நட்டம். கோழிக்கு அது வாழ்க்கை.

எதிரிகள் இல்லாமல் இல்லை. பகலில் வல்லூறும் காகமும், ஏரிக்கரையோரத் தெருக்களில் கீரியும், இரவில் பெருச்சாளியும். வானிலிருந்து வரும் ஆபத்துக்கு ஒரு குரலும் தரையில் வரும் ஆபத்துக்கு வேறொரு குரலும் சேவலிடம் உண்டு; விலங்கியலாளர்கள் ஒலிப்பதிவு செய்து உறுதிப்படுத்திய செய்தி இது. முதல் குரல் கேட்டால் பெட்டைகள் பதுங்கும். இரண்டாவதற்குக் கழுத்தை நிமிர்த்தி நிற்கும். எங்கள் நாய்க்கும் இந்த வேறுபாடு தெரியும் என்றே நம்புகிறோம். இரண்டாம் குரலுக்குத்தான் அது எழுந்து ஓடுகிறது, முதலாவதற்குக் காதை மட்டும் அசைக்கிறது. பூனைகளுக்கோ குஞ்சின்மேல் உள்ள ஆசையைவிடத் தாய்க்கோழியின்மேல் உள்ள அச்சம் பெரிது. சேவற்கட்டுக்காரர்கள் இறகின் நிறத்தை வைத்துச் சேவலுக்குக் கீரி என்றும் வல்லூறு என்றும் காகம் என்றும் பெயரிடுவார்கள். தன்னைத் தின்ன வருபவற்றின் பெயர்களையே பட்டமாகச் சுமந்து திரியும் பிராணி வேறெதுவும் உண்டா என்று தெரியவில்லை.

சேவலுக்கு நம் பண்பாட்டில் என்ன குறை? முருகனின் கொடியில் இருக்கிறது. யானையை எதிர்த்து வென்றதாகச் சொல்லிக் கோழியூர் என்று உறையூருக்கே பெயர் வந்தது. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் சண்டையிட்டு மாண்ட சேவலுக்கு நடுகல் நட்டு எழுத்தும் பொறித்திருக்கிறார்கள். ம. தவசியின் ‘சேவல்கட்டு’ நாவலுக்கு 2011இல் சாகித்திய அகாதெமியின் யுவபுரஸ்கார் கிடைத்தது. அதே ஆண்டில்தான் ‘ஆடுகளம்’ திரைக்கு வந்தது. பெட்டைக்கோழியோ முட்டையிட்டது, அடைகாத்தது, குஞ்சைச் சிறகுக்குள் வைத்து வல்லூற்றை எதிர்த்தது, நோட்டுப்புத்தகத்துக்கும் மருந்துக்கும் காசாகியது. அதற்குக் கொடியும் இல்லை, கல்லும் இல்லை. வீட்டுப் பெண்ணின் முந்தானை முடிச்சில் கணவன் கணக்குக் கேட்காத பணம் என்று ஒன்று இருந்ததென்றால், அதில் பெரும்பங்கு அவள் கோழி விற்ற பணம். நம் எழுத்தாளர்கள் களத்துக்குப் போன அளவுக்குப் புழக்கடைக்குப் போகவில்லை என்ற மனத்தாங்கல் எங்களுக்கு உண்டு.

இடையில் ஒன்று சொல்லவேண்டும். தெருவில் சைக்கிளில் கொண்டுவந்து விற்கும் சாயக் குஞ்சுகளைக் குழந்தைகளுக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள். இளஞ்சிவப்பும் பச்சையுமாக அட்டைப்பெட்டியில் கத்தும் அவை பெரும்பாலும் முட்டைப் பண்ணை இனத்தின் ஆண்குஞ்சுகள். முட்டையிடாது, கறிக்கும் தேறாது என்பதால் பொரிப்பகம் கழித்த உயிர்கள். முதல் வாரங்களில் தாயின் வெம்மையோ விளக்கின் வெம்மையோ இல்லாமல் அவை பிழைப்பது அரிது.

நோயைப் பற்றியும் பேசாமல் தீராது. வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒரு வாரத்தில் தெருவே காலியாகும். ஆங்கிலத்தில் இமயமலைச் சாரலின் ராணிகேத் ஊரின் பெயரால் வழங்கும் நோய் அது. அதற்கான தடுப்பு மருந்தைத் தமிழ்நாட்டில் தயாரிப்பது 1932இல் தொடங்கப்பட்ட இராணிப்பேட்டை கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம். நோய்க்கும் ஒரு ராணி, மருந்துக்கும் ஒரு ராணி. மருந்துக்குப்பி நூறு கோழிக்கு என்ற கணக்கில் வரும். கலக்கியபின் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்கவேண்டும். ஒன்பது கோழி வைத்திருப்பவர் தனியாக இதைச் செய்வது விரயம். எனவே பிப்ரவரி மாத முகாம் சமயத்தில் தெருவில் கோழி உள்ள வீடுகளெல்லாம் ஒன்றுகூடிப் பறவைகளைக் கூடையில் கொண்டுவருவோம். முன்பு எங்கள் தெருவிலேயே குப்பி காலியாகிவிடும். சென்ற முறை முப்பத்தொரு கோழிகள்தாம் வந்தன.

ஏன் குறைந்தன என்பதுதான் கேள்வி. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சிக்குள் வந்தது. ஆவடி 2019இல் தானே மாநகராட்சியானது. பூவிருந்தவல்லிச் சாலையில் மெட்ரோ தூண்கள் எழுந்தன. ஒரு கிரவுண்டில் மாமரமும் கிணறும் மாட்டுக்கொட்டிலும் வைத்திருந்தவர்கள் அதை அடுக்ககத்துக்குக் கொடுத்தார்கள். 2023 ஆகஸ்டில் அரும்பாக்கத்தில் பள்ளிச் சிறுமி ஒருத்தியை மாடு முட்டித் தூக்கியெறிந்த காட்சியை நாடே பார்த்தது. தெருவில் மாடு விட்டால் அபராதம் உயர்ந்தது. அது நியாயமே. சாலையில் மாடு திரிய உரிமை கேட்பவர்கள் அல்லர் நாங்கள். ஆனால் கட்டி வளர்க்க இடம் உள்ளவர்களும் அந்த அச்சத்தில் மாட்டை விற்றார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் சென்ற ஆண்டு மூன்று மாடுகளையும் திருநின்றவூருக்கு அப்பாலுள்ள தம்பி வீட்டுக்கு ஓட்டிப்போனார். போகிற அன்று மதிலோரம் நின்று, “மாடு போனா உங்க கோழியும் போயிடும், பாருங்க” என்றார். சாபமாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னார்.

உண்மைதான். மூன்று மாதத்தில் நொய்ச் செலவு இரு மடங்காயிற்று. மஞ்சள் கரு வெளிறியது. வேலையற்ற கோழிகள் ஒன்றன் இறகை ஒன்று பிடுங்கத் தொடங்கின. கிளறுவதற்குக் குவியல் இல்லாத கோழி தன் இனத்தையே கிளறுகிறது. இப்போது தெருவில் உள்ள தேநீர்க்கடையின் தேயிலைச் சக்கையையும் காய்கறிக்கடைக் கழிவையும் காய்ந்த இலையையும் சேர்த்து நாங்களே ஒரு குவியல் போட்டிருக்கிறோம். புழு வருகிறது. உண்ணி பொறுக்கும் அந்த இரண்டு கோழிகளும் வெயிலேறியதும் மதில் இடைவெளிவரை போய்த் திரும்புகின்றன.

அந்தக் காலிமனைக்கு அப்பால் எழுந்த அடுக்ககத்தின் குடியிருப்போர் சங்கம் சேவல் கூவுவதைப் பற்றி எழுத்துமூலம் புகார் அளித்தது. விடியலுக்கு முன்பே கூவுகிறதாம். கூவும், வெளிச்சத்தைப் பார்த்தல்ல, உடலுக்குள் உள்ள கடிகாரத்தைக் கொண்டே சேவல் கூவுகிறது என்று நகோயா பல்கலைக்கழகத்தார் 2013இல் நிறுவியிருக்கிறார்கள். பிரான்சின் ஒலெரோன் தீவில் மோரிஸ் என்ற சேவலின்மீது இதே குற்றச்சாட்டோடு அண்டைவீட்டார் வழக்குத் தொடுத்தார்கள். 2019 செப்டம்பரில் நீதிமன்றம் சேவலின் பக்கம் நின்றது. 2021 ஜனவரியில் நாட்டுப்புறத்தின் ஒலியும் மணமும் அதன் மரபுச் சொத்து என்று சட்டமே இயற்றிவிட்டார்கள். நம் ஊரில் 1997இல் இயற்றப்பட்டது, நகர்ப்புறங்களில் விலங்குகளையும் பறவைகளையும் கட்டுப்படுத்தி ஒழுங்குபடுத்தும் சட்டம். இரண்டும் வேறு வேறு கவலைகள் என்பதை ஒப்புக்கொள்கிறோம். நெருக்கமான நகரில் நாற்றமும் ஈயும் நோயும் கற்பனையல்ல. 2006இல் மராட்டியத்து நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதும் இலட்சக்கணக்கில் கோழிகளை அழித்ததை மறந்துவிட்டுப் பேச இயலாது.

ஆகவே நாங்கள் கேட்பது விதிவிலக்கன்று, அளவறிந்த விதி. பத்துப் பதினைந்து கோழிகளை அடைக்கும் கூண்டு, தடுப்பு மருந்துச் சீட்டு, இவ்விரண்டும் இருந்தால் வளர்க்கலாம் என்று மாநகராட்சிகள் எளிய தாள் ஒன்றை வைத்துக்கொள்ளட்டும். வணிகத்துக்கு வளர்ப்பவரையும் வீட்டுக்கு வளர்ப்பவரையும் ஒரே விண்ணப்பத்தில் நிறுத்தவேண்டாம். வார்டுக்கு ஒரு பொது மாட்டுக்கொட்டில் வரட்டும். மாடும் சாலையை விட்டு விலகும், சாணியும் கிடைக்கும். சேவலை இரவில் இருட்டுக் கூண்டில் அடைத்து ஆறு மணிக்குத் திறந்துவிடும் ஏற்பாட்டுக்கு நாங்கள் முன்வந்திருக்கிறோம். உள்ளேயிருந்து அது கூவத்தான் செய்கிறது, சத்தம் மட்டும் பாதியாகிறது.

சங்கத்தின் செயலாளர் நேரில் வந்து கூண்டைப் பார்த்துவிட்டுப் போனார். மரியாதையான மனிதர். பதில் ஒன்றும் சொல்லவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “சார், முட்டை குடுப்பீங்களா? கடையில வாங்கறது நாட்டு முட்டைதானான்னே தெரியல” என்று கேட்டார். ஆறு முட்டை கொடுத்தோம். காசு வாங்கிக்கொண்டுதான் கொடுத்தோம்.