கோடு நிறைய இருக்கிறது, இணையம் வரவில்லை

படுவான்கரையில் மடிக்கணனி ஒன்றில் இணையம் நின்றுவிட்டால், "எங்கட பக்கம் எல்லாம் இப்படித்தான்" என்ற சொல் உடனே வந்துவிடுகிறது. மண்முனைத் துறைக்குப் பாலம் கிடைத்ததே 2014இல் தான். ஆகவே இந்த மனக்கசப்பு நியாயமற்றது என்று நாம் சொல்ல மாட்டோம். ஆயினும் இணையம் விட்டு விட்டு வருவதற்கு ஒவ்வொரு முறையும் தூரமே காரணம் என்பதை எம்மால் ஏற்க முடியவில்லை. பல தடவைகளில் காரணம் வீட்டுக்குள்ளேயே, சில வேளை சுவரில் உள்ள பிளக்கிலேயே இருக்கிறது. அதைக் கண்டறியும் அறிவு கிராமத்திலேயே இருக்க வேண்டும் என்பதே எமது கருத்து.

இது பொழுதுபோக்குச் சங்கதி அல்ல. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது பிள்ளைகளுக்குப் பாடம் இணையம் வழியாகவும் வந்தது. 2023இல் அஸ்வெசும மேன்முறையீடுகள் இணையம் வழியாகவும் கேட்கப்பட்டன. 2007இல் உடுத்த உடுப்போடு வாவியைக் கடந்து, பத்திரங்களை இழந்து, அடையாள அட்டை முதல் காணி அனுமதிப்பத்திரம் வரை ஒவ்வொன்றாகத் திரும்பத் தேடிய குடும்பங்கள் எம்மிடையே உள்ளன. அப்படிப்பட்ட குடும்பத்துக்கு ஒரு விண்ணப்பம் பாதியில் நின்றுபோவது சிறிய விடயமா? மறுநாள் பட்டணத்துக்குப் பஸ் ஏற வேண்டும். ஒரு நாள் கூலி போகிறது. முடிவுத் திகதி கடந்தால் உதவியும் போகிறது.

வயலுக்குத் தண்ணீர் வராவிட்டால் நாம் எடுத்த எடுப்பில் குளத்தைக் குறை சொல்வதில்லை. வரம்பு உடைந்ததா, வாய்க்கால் அடைத்ததா என்று வயலிலிருந்து மேல்நோக்கி நடந்து பார்க்கிறோம். இணையமும் அவ்வாறு துண்டு துண்டாகவே வருகிறது. கோபுரத்திலிருந்து றவுட்டர் வரை ஒரு துண்டு. றவுட்டரிலிருந்து மடிக்கணனி வரை மற்றொரு துண்டு. திரையின் மூலையில் தெரியும் வைஃபைக் கோடுகள் இந்த இரண்டாவது துண்டை மட்டுமே காட்டுகின்றன. கோடு நிறைய இருந்தும் பக்கம் திறக்காவிட்டால் பழுது பெரும்பாலும் மேலே, கோபுரத்துக்கும் றவுட்டருக்கும் இடையில் இருக்கிறது. இது ஒன்றைத் தெரிந்துகொண்டாலே பாதி அலைச்சல் குறையும்.

முதலில் மடிக்கணனியையும் ஒரு கைத்தொலைபேசியையும் றவுட்டருக்குப் பக்கத்தில் கொண்டுபோய், இரண்டையும் அதே வைஃபையில் இணைத்துப் பாருங்கள். தொலைபேசியின் சொந்த டேட்டாவை நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் சோதனை ஏமாற்றிவிடும். தொலைபேசியில் வந்து கணனியில் வராவிட்டால் குறை கணனியில். நன்கொடையாக வரும் பழைய மடிக்கணனிகளில் திகதி பின்னுக்குப் போயிருப்பது வழக்கம். உள்ளே இருக்கும் சிறு பற்றறி செத்துப்போனதே அதற்குக் காரணம். திகதி பிழைத்தால் அரச இணையத்தளங்கள் 'பாதுகாப்பற்றது' என்று சொல்லித் திறக்க மறுக்கும். திகதியைத் திருத்தினால் போதும். விண்டோஸ் கணனிகள் பற்றறியை மிச்சம் பிடிப்பதற்காக வைஃபைக் கருவியை இடையிடையே தூங்க விடுவதும் உண்டு. அந்த அமைப்பை நிறுத்திவிடலாம். சேமித்த வைஃபைப் பெயரை அழித்து, கடவுச்சொல்லைப் புதிதாக இட்டும் பார்க்கலாம். றீலோட் செய்த டேட்டா அரை நாளில் முடிந்துவிடுகிறதென்றால், கணனி தானாகவே புதுப்பிப்புகளை இறக்கிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

றவுட்டருக்குப் பக்கத்தில் நன்றாக வந்து, குசினிப் பக்கம் போனால் அறுகிறதென்றால் இடையில் நிற்கும் பொருளே காரணம். தகரம் அலையைத் தடுக்கும். மாரியில் நனைந்த சுவரும் கிடுகும் அலையை உறிஞ்சும். இரும்பு அலுமாரிக்குப் பின்னால் ஒளித்துவைத்த றவுட்டரிடம் நாம் என்ன எதிர்பார்க்க முடியும்?

இரண்டு கருவியிலும் வராவிட்டால் றவுட்டரைக் கோபுரம் உள்ள பக்கத்து யன்னலுக்கு நகர்த்துங்கள். வாவிக் கரையில் இருப்போருக்கு இங்கே ஒரு தனிச் சங்கதி உண்டு. கோபுரத்திலிருந்து நேராக வரும் அலையோடு, நீர்ப்பரப்பில் பட்டுத் தெறித்த அலையும் சேர்ந்து வருகிறது. இரண்டும் ஒன்றையொன்று வலுப்படுத்தவும் கூடும், அழிக்கவும் கூடும். அதனால்தான் ஒரு சாண் தள்ளி வைத்தவுடன் சில வேளை சிக்னல் மாறிவிடுகிறது. மந்திரம் ஒன்றும் இல்லை. இரவு ஏழு மணிக்குப் பின் எல்லோரும் பாவிப்பதால் வேகம் குறையும். விண்ணப்பங்களை விடியற்காலையில் அனுப்புவது நல்லது.

ஆனால் நாம் அதிகம் அழுத்திச் சொல்ல விரும்புவது மின்சாரத்தைப் பற்றி. தமிழ்நாட்டில் தேனியிலுள்ள அரவிந்த் கண் மருத்துவமனை, 2000களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தாருடன் சேர்ந்து, சுற்றுக் கிராமங்களின் கண் பரிசோதனை நிலையங்களை நீண்டதூர வைஃபையால் இணைத்தது. கிராமத்தில் இருக்கும் நோயாளி தேனியில் இருக்கும் வைத்தியரோடு முகம் பார்த்துப் பேசினார். அந்த வேலையில் ஈடுபட்டவர்கள் 2008இல் எழுதியதன்படி, பழுதுகளில் மிகப் பெரும்பான்மை வானொலி அலையால் வந்தவை அல்ல. ஏறி இறங்கும் மின்சாரத்தால் வந்தவை. மின்னழுத்தம் குறைந்தால் கருவி முற்றாக அணையாமல், உயிரும் இல்லாமல் சாவும் இல்லாமல் நின்றுவிடும். வெளிச்சம் எரியும், வேலை நடக்காது. அங்கே உள்ளூர்ப் பணியாளர்களைப் பயிற்றுவித்த பிறகே வலையமைப்பு தொடர்ந்து நின்றது.

எமது ஊர்களிலும் தண்ணீர் மோட்டார் போடும் நேரத்தில் றவுட்டர் அணைந்து எரிவதைக் கவனியுங்கள். அப்படியானால் கோபுரத்தைத் திட்டிப் பயனில்லை. றவுட்டருக்கென ஒரு சிறிய யூபிஎஸ் வைத்தால் பெரும்பாலும் தீரும். இடிமழைக் காலத்தில் பிளக்கைக் கழற்றி வையுங்கள்.

கொடையாளர்கள் மடிக்கணனி தருகிறார்கள், படமும் எடுக்கிறார்கள். யூபிஎஸ்ஸும் பயிற்சியும் அந்தப் பட்டியலில் பெரும்பாலும் இருப்பதில்லை. பத்துக் கணனி தருவதிலும், எட்டுக் கணனியும் ஊரில் இரண்டு பேருக்குப் பயிற்சியும் தருவதே மேல் என்று நாம் கேட்க வேண்டும். அந்த இருவரில் ஒருவராவது திருமணமாகி ஊரோடு இருக்கும் பெண்ணாக இருப்பது நல்லது. பயிற்சி பெற்ற இளைஞர்கள் கட்டாருக்குப் போய்விடுகிறார்கள்.

வேறொன்றும் உண்டு. மேலே சொன்ன எல்லாம் செய்தும் வராவிட்டால் பழுது கொம்பனியுடையது, அதை அவர்கள்தான் திருத்த வேண்டும். ஒரு கொப்பியில் திகதி, நேரம், றவுட்டரில் எந்த வெளிச்சம் எரிந்தது, தொலைபேசியில் வந்ததா, அப்போது மின்சாரம் எப்படி இருந்தது என்று இரண்டு கிழமை எழுதுங்கள். "இணையம் வருகுதில்லை" என்று மட்டும் சொன்னால் 'அணைத்துப் போடுங்கள்' என்ற பதிலே கிடைக்கும். ஐந்தாறு வீட்டார் சேர்ந்து கொப்பியோடு போனால் அப்படித் திருப்பி அனுப்புவது கடினம். அதே கொப்பியைப் பிரதேச செயலகத்திலும் காட்டுங்கள். இணையம் அறுந்த நாட்களுக்கு உரிய விண்ணப்பத்தைக் கடதாசியில் ஏற்கும்படி கேட்பதற்கு அது ஆதாரமாக இருக்கும்.