காடிக்கு நியாயமான விலை எது? ஒரு கோயில் தொண்டூழியரின் கருத்து

 

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கோங்க. கோயில் பக்கத்துல காடி விலை எதுக்குன்னு கேக்காதீங்க. முடிவு வரைக்கும் படிச்சா புரியும்.

சில மாசத்துக்கு முன்னால, வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு அன்னதானப் பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தேன். வழக்கமா வர்ற அக்கா ஒருத்தர் வந்தாங்க. கணவர் தவறி ஒரு வருஷத் திதி முடிஞ்சிருச்சு. அவர் ஆசையா வச்சிருந்த புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ காடி வாசல்லயே நிக்குது. 2002-ல பதிவானது. கிரான்ல பேர் மாத்துற வேலையெல்லாம் முடிச்சிட்டாங்க, விக்கணும். ஒருத்தர் வந்து பார்த்துட்டு, "பழைய புரோட்டோன்தானே அக்கா, 12 ஆயிரம் வெள்ளி தரேன், இன்னைக்கே எடுத்துக்கிறேன்"னு சொல்லியிருக்கார்.

அதே வாரம் நம்ம இளைஞர் பகுதித் தம்பி ஒருத்தன், "அங்கிள், அந்தக் காடிய எனக்குக் கேட்டுச் சொல்லுங்க"ன்னு வந்து நின்னான். ரெண்டு பேரும் நம்ம கோயில் ஆளுங்க. விலையை நான் சொல்லணுமாம்.

நான் பாசிர் கூடாங்ல ஃபேக்டரி சூப்பர்வைசர். படிச்சது எஸ்.பி.எம். வரைக்கும்தான். ஆனா வர்ற சரக்கை செக் பண்ணி எடுக்கிறதும் திருப்பி அனுப்புறதும்தான் என் 25 வருஷ வேலை. அதே மாதிரி உக்காந்து பார்த்தோம்.

முதல்ல, அது நிஜமான ஜிடிஐதானா? 1.3, 1.6 சத்ரியாவுக்கு ஜிடிஐ பம்பர் மாட்டி, ஸ்டிக்கர் ஒட்டி விக்கிறவங்க நிறைய. நிஜமான ஜிடிஐல மிட்சுபிஷி இன்ஜின், 1,834 சிசி. ரோட் டேக்ஸ் வருஷத்துக்கு 297 வெள்ளி வரும். 90 வெள்ளின்னு இருந்தா கிரான்ல அது 1.6. கிரான்ல உள்ள இன்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் காடில உள்ளதோட ஒத்துப் போகணும். இன்ஜின் மாத்தியிருந்தா ஜேபிஜேல பதிஞ்சிருக்கணும். இதுல சந்தேகம் வந்தா விலை பேசவே வேணாம்.

ஜொகூர்ல இருக்கிற நமக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கு. சிங்கப்பூர்ல சிஓஇ 10 வருஷம். அது முடிஞ்சு கழிச்சுக் கட்ட வேண்டிய காடி, வேற காடியோட நம்பர் பிளேட்ல இங்க ஓடி மாட்டுறதைச் செய்தில பார்த்திருக்கோம். ஸ்போர்ட்ஸ் காடி ரொம்ப மலிவா கிடைச்சா சந்தோஷப்படாதீங்க, பயப்படுங்க.

ரெண்டாவது, சந்தை விலை. அதே மாடல்ல ஆறு விளம்பரம் எடுத்தோம். 28 ஆயிரத்துல இருந்து 45 ஆயிரம் வரைக்கும் கேட்டிருந்தாங்க. அது கேக்கிற விலை, வித்த விலை இல்ல. நடுவுல 34 ஆயிரம்னு வச்சு, பேரம் பேசினா குறையும்னு 3 ஆயிரம் கழிச்சோம். 31 ஆயிரம்.

மூணாவது, வாங்கின முதல் வருஷம் கையை விட்டுப் போற காசு. பட்டறைக்குக் கொண்டு போய்த் தூக்கிப் பார்த்தோம். டைமிங் பெல்ட்டும் வாட்டர் பம்பும் 900, கிளட்ச் 1,200, நாலு அப்சார்பர் 1,400, டயர் 1,000, கதவுக்குக் கீழ துரு வெட்டி பெயிண்ட் அடிக்க 1,500. மொத்தம் 6,000. ஆக, 25 ஆயிரம். இதுதான் நான் சொன்ன விலை.

"புஸ்பாகோம் பாஸ் ஆகிருச்சு அங்கிள், அப்புறம் என்ன?"ன்னு பசங்க கேப்பாங்க. பேர் மாத்துறதுக்குப் பண்ற பி-5 சோதனை, நம்பர் சரியா, காடி ரோட்டுல ஓடலாமான்னுதான் பார்க்கும். கியர்பாக்ஸ் இன்னும் எத்தனை மாசம் தாங்கும்னு சொல்லாது. அதே மாதிரி, காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி இன்சூரன்ஸ் ஏஜெண்ட்கிட்ட எவ்வளவுக்குக் கவர் பண்ணுவீங்கன்னு கேளுங்க. பழைய காடிய சந்தை மதிப்புக்குக் கம்மியா எடுத்துக்கிட்டா, திருடு போற அன்னைக்குத்தான் அந்த வித்தியாசம் தெரியும்.

இதுவரைக்கும் கணக்கு. இனிமேதான் நான் சொல்ல வந்தது.

விலை சொன்னதும் ரெண்டு பக்கமும் பேச்சு வந்துச்சு. "அந்த அம்மாவுக்கு என்ன தெரியும், 15-க்கு முடிச்சிருக்கலாம்"னு சிலர். "துருவையெல்லாம் ஏன் வாயைத் திறந்து சொல்றீங்க, வாங்குறவன் பார்த்துக்கட்டும்"னு சிலர். வியாபாரத்துல இதெல்லாம் சகஜமாம்.

நானும் ஒரு காலத்துல அப்படித்தான் இருந்தேன். 2006 டிசம்பர், 2007 ஜனவரி வெள்ளம் பலருக்கு ஞாபகம் இருக்கும். அப்ப கோத்தா திங்கில சொந்தக்காரர் வீட்டுல நிறுத்தின என் வீரா காடி சீட்டு வரைக்கும் முழுகிருச்சு. கார்ப்பெட்டைக் காய வச்சு, வாசனை அடிச்சு, மூணு மாசம் கழிச்சு நல்ல விலைக்கு வித்தேன். வாங்கினவர் வெள்ளிக்கிழமை என் பக்கத்துல நின்னு தேவாரம் பாடுறவர். ஒரு வார்த்தை சொல்லல. ஆறு மாசத்துல ஒயரிங் எல்லாம் போச்சு. அவர் சண்டைக்கு வரல. நம்ம கோயிலுக்கே வராம போயிட்டார். அவர் குடும்பம் இப்ப வேற கோயிலுக்குப் போகுது. அந்தக் காசை எதுல செலவு பண்ணேன்னு எனக்கு ஞாபகம் இல்ல. அவர் நின்ன இடம் மட்டும் இன்னும் கண்ணுல படுது.

அதனாலதான் சொல்றேன். பழைய காடி வாங்குறீங்களா, சீட் பெல்ட்டை முழுசா இழுத்துப் பாருங்க, கடைசிப் பகுதில சேத்துக் கறை இருக்கும். கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்க. விக்கிறீங்களா, கேக்கிறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிருங்க. ஆறு மாசம் கழிச்சு ரெண்டு பேரும் சன்னதில முகத்தைத் திருப்பாம பக்கத்துல பக்கத்துல நிக்க முடியணும். அதுதான் நியாயமான விலை. தெரியாதவங்ககிட்ட 12-க்கு வாங்கினாலும், குறையை மறைச்சு 35-க்கு வித்தாலும் அது முடியாது.

தம்பி கதைக்கு வரேன். அவன்கிட்ட சேமிப்பு 15 ஆயிரம்தான். இவ்வளவு பழைய காடிக்கு பேங்க்ல காடி லோன் கிடைக்கிறது கஷ்டம். பர்சனல் லோன் 10 ஆயிரம், 8 சதவீதம் ஃபிளாட், மூணு வருஷம்னா வட்டியே 2,400. அது போக அந்த 6,000 ரிப்பேர். சம்பளச் சிலிப்பை வச்சு அவனையே கணக்குப் போடச் சொன்னேன். போட்டு முடிச்சுக் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "25 சரியான விலைதான் அங்கிள். ஆனா என்னோட விலை இல்ல"ன்னான். அவன் வயசுல எனக்கு அந்தப் புத்தி இல்ல.

குறைகளை எழுதின அதே தாளைக் காட்டி, கூலாய்ல இருந்து வந்த ஒருத்தருக்கு அக்கா 25,500-க்கு வித்தாங்க. நம்ம கோயில் வாசல்லயே எலுமிச்சம்பழம் வச்சு பூஜை போட்டு எடுத்துட்டுப் போனார். காடி ரோட்டுல திரும்புற வரைக்கும் அக்கா பார்த்துக்கிட்டே நின்னாங்க. கண் கலங்கினாங்க, ஆனா வருத்தப்படல.

காடி வாங்கப் போற பசங்க யாரா இருந்தாலும் வெள்ளிக்கிழமை பூஜைக்கு அப்புறம் மடப்பள்ளிப் பக்கம் வாங்க. தாளும் பேனாவும் கொண்டு வந்தா போதும். அந்த வீரா காடியை வாங்கின அண்ணன் இதைப் படிச்சா, தப்பு என்னோடதுதாண்ணே. ஒருநாள் வாங்க, பேசுவோம்.

அம்மன் துணை.